நீலப் பென்சில் பாதை

முதல் பாதையின் நீளம் பதினொரு அங்குலம்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் புறப்பட்டு
உப்புவெளிச் சவக்காலை மதிலில் முட்டி நிற்கிறது,
அதற்கு மேல் தாள் இல்லாததால்.

எழுபத்தொன்பதில், நகரசபைக் கந்தோரில்,
வரைஞர் சவிரிமுத்து கீறியது.
இலகு ரயில் என்ற சொல் அவரிடம் இல்லை.
"ட்ராம் மாதிரி, ஆனால் இரைச்சல் குறைவு"
என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.
கட்டணம் ஐம்பது சதம்.
மீன்கூடைக்குத் தனிப் பெட்டி.
மான் குறுக்கே வந்தால் மணி அடிக்கக் கூடாது,
அது போகும்வரை பொறுக்க வேண்டும்:
இந்த வரி மட்டும் சிவப்பு மையில்.

எண்பத்திரண்டில் ஒரு கிளை முளைத்தது.
உவர்மலையில் ஏறப் பயந்து, அடிவாரத்தைச் சுற்றி,
உட்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே
சீனக்குடாவுக்குப் போகிறது.
எண்ணெய்த் தாங்கிகளை
இருபத்தைந்து சதக் குத்தியை வைத்து
வட்டம் போட்டிருக்கிறார்.
ஒரு வட்டத்துக்குள்
குத்தியின் பூ விழுந்திருக்கிறது.

எண்பத்துமூன்றுக்கு ஒரு முழுப் பக்கம்.
திகதி இருக்கிறது.
கோடு இல்லை.

பிறகு வந்தவர் ஜெஸீமா.
கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம்.
ரயிலை அப்படியே கடலில் இறக்கினார்.
எங்கள் பக்கத்தில்
வாகனம் ஏற்றிக் கரை கடக்கும் மிதவைக்கும்
பாதை என்றுதான் பெயர்.
"பாதையின் மேல் பாதை ஏறி
அக்கரையில் இறங்கும்" என்று எழுதி அனுப்ப,
எழுத்துப்பிழை, திருத்தவும் என்று
கொழும்பிலிருந்து திரும்பி வந்தது.
அவர் திருத்தவில்லை.

தொண்ணூறுகளின் வரைபடத்தில்
தரிப்பிடங்கள் நெருக்கமாக இருக்கின்றன.
ஆண்டாங்குளத்துக்குள் மட்டும் நான்கு.
இதென்ன கணக்கு என்று குழம்பி
ஒரு பின்னேரம் முழுக்க எண்ணினேன்: பத்தொன்பது.
பத்தொன்பதும் சோதனைச் சாவடி நின்ற இடங்கள்.
"சனம் எப்படியும் இறங்கத்தானே வேண்டும்"
அவருடைய கையெழுத்து, சின்னதாக.

சுனாமியன்று கோப்பு நிலாவெளியில்,
நில அளவைக்காரர் ஒருவரின் மேசையில் இருந்தது.
மை கரைந்தது. ஊர்ப்பெயர்கள் போயின.
பென்சில் அழியவில்லை.
சாம்பல்தீவிலிருந்து இறக்கக்கண்டி நோக்கி
உப்புக் கறை ஒன்று வளைந்து கிடந்தது.
பிறகு யாரோ ஒருவர்
அதையும் பாதையென்று எண்ணி
அளந்து வைத்திருக்கிறார்:
ஒன்பது கிலோமீற்றர், மேடு இல்லை,
செலவு குறைவு.

இப்போது கோப்பு என்னிடம்.
போன மாதம் வந்த பொறியியலாளர் விபுல
பக்கம் பக்கமாகப் பார்த்தார்.
நாற்பது வருடம், ஏழு கிளை,
இதில் எது கட்டப்பட்டது என்று
நல்ல தமிழில் கேட்டார்.
தேத்தண்ணி ஆறுகிறது என்றேன்.

அன்று வீட்டுக்குப் போகையில்
அன்புவழிபுரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.
கடற்கரை வளைவு தாண்டியதும் பிரேக் போட்டான்.
எல்லாரும் எல்லார் மேலும் விழுந்தோம்.
கொண்டக்டர் வாயில் பாதி ஊர்ப்பெயர்.
எட்டிப் பார்த்தேன்:
புள்ளிமான்கள், ஒரு கிளையும் இரண்டு குட்டியும்,
பொலித்தீன் பை ஒன்றை மென்றபடி
நடுவீதியில்.
சாரதி ஹோர்னில் கை வைக்கவில்லை.
பின்னால் லொறி நின்றது,
அதன் பின்னால் ஆட்டோ, அதுவும்
சத்தம் போடவில்லை.

காலையில் கந்தோரைத் திறந்ததும்
அந்தச் சிவப்பு வரிக்கு நேரே
"நடைமுறையில் உள்ளது" என்று எழுதி
திகதி போட்டு ஒப்பமிட்டேன்.

மட்டிக்களி வளைவு இன்னும் இடிக்கிறது.
அதை அழித்துத்தான் கீற வேண்டும்.