காலி டிராலி

"சீனி?" என்று கூப்பிட்டாள் நர்ஸ்.
அது என் பெயர் சிஸ்டர்,
சீனி நெய்னா, வாப்பா வைத்தது, என்றேன்.
கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.
நோயும் அதுதான்.
மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நாலு.

தோஹாவில் என் வேலை உட்கார்வது.
எழுபது மீட்டர் உயரத்தில்
ஏசி போட்ட கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
இரண்டு விரலால் நான்கு டன் கம்பி தூக்குவேன்.
கீழே எறும்பளவில் தெரிகிறவர்கள்
முதுகால் தூக்குகிறார்கள்.
அவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு சம்பளம்,
இரண்டு மடங்கு வயிறு.

டாக்டர் ஒரு வட்டம் வரைந்தார்.
தசைக்குள் இருக்கும் செல் இது.
வெளியே சர்க்கரை வரிசையில் நிற்கிறது.
இன்சுலின்தான் அதற்கு கேட் பாஸ்.
உங்களிடம் பாஸ் நிறைய இருக்கிறது,
வாசலில் நிற்பவன்தான் வாங்கிப் பார்க்க மாட்டேனென்கிறான்.

வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
செல்லுபடியாகும் பாஸைப் பிடித்துக்கொண்டு
வெயிலில் நின்ற காலைகள் எனக்குண்டு.

"பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது" என்றார்.
"தசை வேலை செய்யும்போது தானாகத் திறக்கும்.
பாஸ் கேட்காது.
சாப்பிட்டதும் நடங்கள்."

எங்கே நடப்பது?
ஆகஸ்ட். இரவு ஒன்பதுக்கும் முப்பத்தெட்டு டிகிரி.
நஜ்மாவில் படி இறங்கியதும்
மூக்குக் கண்ணாடி வியர்த்துத் தெரு காணாமல் போகும்.

அதனால் ஹைப்பர் மார்க்கெட்.
சும்மா நடந்தால் சந்தேகப்படுவார்கள் என்று
ஒரு காலி டிராலி.
மட்டை அரிசி, பாசுமதி, பொன்னி,
திரும்பினால் பேரீச்சம்பழ மலை,
நெய்யில் மினுங்கும் பக்லாவா,
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாய் மாம்பழச் சாறு.
சர்க்கரையைச் சுற்றிச் சுற்றி வந்துதான்
சர்க்கரையைச் செலவழிக்கிறேன்.

நான்காம் நாள் செக்யூரிட்டி தம்பர் பின்தொடர்ந்தான்.
ஐந்தாம் நாள் இந்தியில் கேட்டான்,
என்னதான் தேடுகிறீர்கள்?
சொன்னேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும்
தூணருகில் நின்று ஒரு விரல் நீட்டுவான்.
ஆறு விரல் ஆனதும்
ஒரு வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு போவேன்.
பில் போடும் பெண் டிராலியைப் பார்ப்பாள், வெள்ளரிக்காயைப் பார்ப்பாள்.

நடந்தும் சில காலைகளில் சர்க்கரை ஏறியே இருந்தது.
ராத்திரி என்ன செய்கிறீர்கள் என்றார் டாக்டர்.
ராத்திரி ஜொஹராவின் வாய்ஸ் மெசேஜ் கேட்பேன்.
மகளின் ஃபீஸ். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடு.
தங்கச்சி மாப்பிள்ளை திரும்பவும் கேட்கிறார்.
கேட்டதும் கார்ட்டிசால் ஓடிப்போய்
ஈரல் கிடங்கைத் திறந்துவிடுமாம்:
புலி வருகிறது, எடுத்துக்கொண்டு ஓடு!
புலி வரவில்லை. வாட்ஸ்அப்தான் வந்தது.
ஓடுவதற்கென்று கொடுத்த சர்க்கரையோடு
மேல் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன்.

ஒரு ராத்திரி எழுந்து
ஐந்து மாடி இறங்கினேன், ஐந்து மாடி ஏறினேன்.
தங்கச்சி மாப்பிள்ளைக்குப் பதில் எதுவும் கிடைக்கவில்லை.
ஆனால் தூங்கினேன்.

கிரேனுக்கு லிஃப்ட் பாதி வரைதான், மிச்சம் ஏணி.
முன்பு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன்.
அக்டோபரில் ஒரு நாள்
கூண்டுக்கதவைத் திறந்தபின்தான் கவனித்தேன்,
எங்கும் நிற்கவில்லை.

"சீனி குறைஞ்சிருக்கு" என்றாள் நர்ஸ்.
ஏழு புள்ளி ஆறு.
பெல்ட்டில் ஓர் ஓட்டையும்.
மாத்திரையை நிறுத்தலாமா என்றேன்.
டாக்டர் தலையாட்டவில்லை.
அந்தப் பின்கதவுக்கு ஞாபகம் குறைவாம்,
இரண்டு மூன்று நாள் போகாவிட்டால்
ஆளை மறந்துவிடும்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து
யூனிஃபார்ம் இல்லாமல் வந்தான் தம்பர்.
பன்னிரண்டு மணி நேரம் நிற்பது நடையில் சேராதா
என்று கேட்டான்.
வீங்கிய காலில் செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
அவனும் ஒரு டிராலி உருவினான்.
அதில் ஒரு சக்கரம் கோணல்.
அரிசி வரிசை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே வந்தது.