காரணம்

கம்பளிச் சட்டையின் கைமேல்
வருகிறவர்களின் தூண்டில் முள்ளை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.
நூலைப் பற்றினால் உள்ளே எதிர்முள் இருக்கிறது:
குறடால் நசுக்கு, இல்லை வீட்டுக்குப் போ.
வழுக்கிக்கொண்டு வந்தால்
ஆறு உன்னுடையது, இருட்டும் வரை.
பதினோரு வருடமாக இத்ரிட்சா ஆற்றங்கரையில்
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சட்டையின் இடது கை சல்லடையாகிவிட்டது.

பாலத்தடியில் ஒரு பலகை.
சங்கத் தலைவர் சிரில் போட்கோர்னிக்
பச்சைப் பெயின்டில் தானே எழுதியது:

முதலில் கையை நனை.
நீருக்குள் வைத்தே முள்ளை எடு.
தூக்கியே ஆக வேண்டுமென்றால் உன் மூச்சையும் பிடித்துக்கொள்;
உனக்கு முட்டும்போது அதற்கு எப்போதோ முட்டிவிட்டது.
செவுளில் விரல் வைக்காதே.
தலையை ஓட்டத்துக்கு எதிரே காட்டி நில்.
தள்ளாதே. போகும்போது போகும்.

பலகையில்தான் இவ்வளவு பேசுவார்.
மர ஆலையில் முப்பது வருடம்;
வலக்கை மோதிர விரலை ரம்பம் வாங்கிக்கொண்டதைக் கேட்டால்
ஒரே வாக்கியம்: "அன்று வியாழக்கிழமை."

மே மாதம், மூன்றாம் வாரம்.
பழைய அணைக்கட்டுக்குக் கீழே, கண்ணாடியாய்த் தெளிந்த மடுவில்
சலவைக்கல் ட்ரௌட் ஒன்று கரையோரம் ஒதுங்கி நின்றது.
நலமாயிருக்கும் மீன் என் நிழலைக் கண்டதும் ஓடியிருக்கும்.
உடம்பெல்லாம் நெளிநெளிக் கோடுகள், யாரோ கிறுக்கிக் கிறுக்கி
அழிக்க மனமில்லாமல் விட்டது மாதிரி.
இடப்பக்கம் மட்டும் வெள்ளை.
ஊறிய பஞ்சாகப் பூஞ்சை.

உலர்ந்த கை பட்டால்
மீனின் வழுவழுப்பு கையோடு வந்துவிடும்.
நமக்கு அது பிசுக்கு, கால்சட்டையில் துடைத்துக்கொள்வோம்.
அதற்கு அதுதான் வீட்டுக் கதவு.
பிறகு தொட்ட இடம்
தொட்ட வடிவத்திலேயே பூக்கும்.

குனிந்தேன்.
கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல்.
அப்புறம் ஓர் இடைவெளி, அங்கே மட்டும் மீன் மீனாகவே இருந்தது.
அப்புறம் சுண்டுவிரல்.

சரளைக் கல்லில் கிடத்தி அமுக்கியிருக்கிறது அந்தக் கை.
அந்த இடைவெளி எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை தோறும் என் பதிவேட்டில் கையெழுத்திடும் கை.

என்ன செய்ய? போன கோடையில்
வியன்னாவிலிருந்து வந்த பல் வைத்தியன் ஒருவன்
மீனை மார்போடு அணைத்து
மனைவிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான்.
அவன் அனுமதிச் சீட்டைக் கிழித்தேன்.
பாதிப் பணமாவது கொடு என்றான்.
தரவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
சலவைக்கல் ட்ரௌட், ஒன்று.
ஏறத்தாழ ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
இடப்பக்கம் பூஞ்சை.
காரணம்:
அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சிரில் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
எப்போதும் படிக்காதவர் வரி வரியாகப் படித்தார்.
அடுப்பில் காபி பொங்கி வழிந்தது;
இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை, ஸ்வோன்கா" என்றார்.
கொஞ்சம் கழித்து, அவருக்கே வழக்கமில்லாமல்,
இன்னொரு வாக்கியம்:
"அப்போதுதான் கையுறையைக் கழற்றியிருந்தேன்."

காலியிடத்தில் 'கை' என்று எழுதினார்.
கீழே கையெழுத்து.
பையிலிருந்து தன் சீட்டை எடுத்து
காபிக் கறைக்கு இந்தப் பக்கமாக, என் பக்கமாக, நகர்த்தினார்.
நான் கிழித்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மடுவுக்குப் போனேன்.
மீனைக் காணவில்லை.
ஆழத்துக்குத் திரும்பியிருந்தால் பிழைத்திருக்கும்,
அப்படித்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.
எதிர்க்கரையில் ஒரு நாரை, ஒற்றைக்காலில்,
எனக்கு முன்பே வந்து நின்றது போல இருந்தது.
நாரைகளிடம் நான் சீட்டு கேட்பதில்லை.