முப்பத்தேழு டிகிரி

கோத்தகிரியில் ஜனவரி.
அகாரை ஊற்ற விடாது குளிர்.
குடுவையிலிருந்து தட்டுக்குப் போகிற வழியிலேயே
கட்டி தட்டி நின்றுவிடும்.
ஸ்பிரிட் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு
மூச்சை அடக்கி ஊற்றுகிறேன்.
பன்னிரண்டு தட்டு. இரண்டு வீண்.

டப்பாவுக்குள் வெள்ளைத் தூள்.
அதற்கு முன் அது மரிக்கொழுந்துப் பாசி,
மன்னார் வளைகுடாவில்
விரலுக்குத் துணி சுற்றிய பெண்கள் பறித்தது.
அவர்களும் மூச்சை அடக்கித்தான்.

நோன்பு மாதம் எங்கள் வீட்டில்
இதைப் பாலில் காய்ச்சி, ரோஸ் எசென்ஸ் விட்டு
வில்லை போடுவோம்.
இங்கே பாலுக்குப் பதில் செம்மறி ரத்தம்.
சாப்பிட வருகிறவர்கள் வேறு.

இன்று வந்திருப்பது
ஒரசோலை ஜோகியின் இடது குதிகாலிலிருந்து.
சர்க்கரைப் புண். இரண்டு மாதமாய் மூடவில்லை.
பஞ்சுக் குச்சியால் தட்டில் கோடிழுத்து
இன்குபேட்டரில் வைத்தேன்.
ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான்.
நான் இரண்டு ஸ்வெட்டரில் நிற்கிறேன்,
கிருமிக்கு முப்பத்தேழு டிகிரி.

கடலில் இந்தப் பாசியின் மேல்
கண்ணுக்குத் தெரியாத குடித்தனங்கள் உண்டாம்.
வேறு யாரும் வந்து ஒட்டாதபடி
ஏதோ கசியவிட்டுக் காவல் இருக்குமாம் சில.
அந்தக் கசிவில் மருந்து தேடுகிறார்கள்
எங்கெங்கோ யார் யாரோ.
எங்கள் ஸ்டோருக்கு இன்னும் வரவில்லை.
இப்போதைக்குப் பாசி இருக்கிறது,
குடியேறியவர் ஜோகியின் காலிலிருந்து வந்தவர்.

மறுநாள் ரத்தம் கலக்காத தட்டு,
ஆறு மருந்துப் பொட்டு.
நடு இரவில் கரண்ட் போய்
வெந்நீர் வாளிக்கு மேல் கம்பளியில் பொதிந்து காத்தேன்,
யாரைக் கொல்வதென்று தெரிந்துகொள்ள
அவரையே.

விடிந்து பார்த்தால்
ஐந்து பொட்டைச் சுற்றி அப்படியே அடர்ந்திருக்கிறது.
ஆறாவதைச் சுற்றி மட்டும்
தெளிந்த வட்டம்.
ஸ்கேல் வைத்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
அவ்வளவு இடத்தில் ஒருவருமில்லை.

பெனடிக்டா சிஸ்டர் புண்ணைக் கழுவி
பஞ்சு போன்ற ஒன்றைப் பொதிந்தார்.
நீர் கோத்ததும் அது ஜெல்லாகும் என்றார்,
கடல் பாசியில் செய்தது என்றார்.

ஜோகி என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"பாசியா? கேரட்டுக்கு அடிக்கிறேனே
கறுப்பா, பாட்டில்ல, அதுவா?"
அதுக்குச் சொந்தம்தான் என்றேன்.
"எனக்கும் கேரட்டுக்கும் ஒரே வைத்தியமா?"

மிச்சமிருந்த துண்டை வாங்கி
மூக்கருகே வைத்து ரொம்ப நேரம் முகர்ந்தார்.
கடல் பார்க்காத மனிதர்.
"மீன் வாடையே இல்லையேம்மா.
நல்ல கம்பெனிதானா?"