அனர்த்தம் நிகழ்ந்த திகதி

படிவத்தில் ஏழாவது கட்டம்
இதைத்தான் கேட்கிறது.
நாள், மாதம், ஆண்டு.
கீழே சின்ன எழுத்தில்:
நேரம் தெரிந்தால் குறிப்பிடுக.

ஆறு வரைக்கும் தடங்கலில்லை.
சங்கத்தின் பெயர், பதிவு இலக்கம்,
சுவரின் நீளம்.
லம்பேட்டும் நானும் என் தையல் நாடாவால் அளந்தோம்,
மூன்று தரம் எண்ணிக்கை பிசகி.
இருநூற்றுப் பதினாலு மீற்றர்.
நிற்பது நூற்று முப்பது.
நிற்பதுபோல் நிற்பது அறுபது.
மிச்சம் கடலுக்குள்.

எந்தத் திகதி போட, என்று கூட்டத்தில் கேட்டேன்.
போன மார்கழி, என்றார் முஸம்மில்,
அவருடைய ஐஸ் பெட்டி மிதந்த இரவு.
அதுக்கு முந்தின வாடை, என்றாள் பவளராணி,
என்ர குசினிக்குள்ள நண்டு வந்ததெல்லே.
லம்பேட் கடைசியாய்ச் சொன்னான்:
கட்டி முடிச்ச அன்றைக்கே போடு.
கடல் மண்ணில குழைச்சவங்கள்.
கல் சுமந்தவன் நான், எனக்குத் தெரியும்.
ஆரும் சிரிக்கேல்லை.

சுனாமிக்குப் பிறகு வந்த சுவர்.
தந்தவர்களின் பெயர்ப்பலகை துருப்பிடிக்காத உருக்கு.
சுவர் சரிந்த இடத்திலும் அது நிமிர்ந்து நிற்கிறது.
இப்போது அதில் வலை காய்கிறது.

கச்சேரிக்குப் போனேன்.
அனர்த்தப் பிரிவில் சொன்னார்கள்,
விழுந்த பிறகு எங்களிட்ட வாங்கோ,
விழாத சுவர் கரையோரத் திணைக்களத்துக்கு.
கரையோரத் திணைக்களத்தில் கேட்டார்கள்,
சுவருக்குப் பின்னால வீதி இருக்கா?
அப்ப நகரசபை.
நகரசபையில் போயாவுக்கு முந்தின பின்னேரம்,
கதிரைகள் மட்டும் கடமையில்.
வாசலில் ஒரு மான் என் பைலை முகர்ந்தது.
இந்த ஊர் மான்கள் கடதாசி தின்னும்.
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.

பார்வையிட ஆள் வந்தது சித்திரையில்.
கருணாதிலக ஐயா. நல்ல மனிசன்.
தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் எங்களோடு கதைத்தார்.
கடல் அன்றைக்குப் பார்த்து,
இன்ஸ்பெக்டர் வந்த வகுப்புப்போல
கையைக் கட்டிக்கொண்டு இருந்தது.
ஒரு நுரை இல்லை.
எனக்கு வெட்கமாய்ப் போயிற்று,
இல்லாத நோவைச் சொல்லி
மருந்து கேட்டு வந்தவள் மாதிரி.

வெடிப்பின் ஆழம் பார்க்க
அவர் கையிலிருந்த சாவியை விட்டுப் பார்த்தார்.
சாவி நழுவியது.
எல்லோரும் குனிந்தோம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு வீதிக்கு அடியில்,
நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே,
டொப் என்று தண்ணி.

மோட்டார் சைக்கிள் சாவி அது.
லம்பேட் அவரை ஓட்டோவில் கொண்டுபோய் விட்டான்.
இரண்டு நாள் அந்தச் சைக்கிள்
எங்கள் ஒழுங்கையில் நின்றது,
அலைப்பக்கம் முகம் திருப்பி.
இரவில் பவளராணி அதற்கு ஒரு படங்கு போர்த்தினாள்.

கடிதம் ஆனியில் வந்தது, சிங்களத்தில்.
கிராம உத்தியோகத்தர் துஷ்யந்தினி
நின்ற நிலையிலேயே வாசித்துச் சொன்னா:
கோரிக்கை நியாயமானது.
ஏழாம் கட்டம் நிரப்பப்படவில்லை.
நிரப்பி மீள அனுப்புக.

இப்போது பென்சிலால் போடுகிறேன்.
காலையில் அன்றைய திகதி.
பின்னேரம் கரைக்குப் போய்ப் பார்த்து,
நின்றால், வந்து அழிக்கிறேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.
விளக்கில் பிடித்தால்
மறுபக்கத்து எட்டாம் கட்டம் தெரிகிறது:
பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை.
அதை அன்றே நிரப்பிவிட்டோம், பேனாவால்,
உப்புவெளியில் வாடகைக்குப் போய்விட்ட
செபஸ்தியானையும் சேர்த்து.

ஐப்பசி பிறக்க ஒன்பது நாள்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடையில்
புதுப் படிவம் ஒன்று எடுக்க வேண்டும்.
ஒன்று காணாது.
இரண்டாய் எடுப்போம்.