சுழியம்

லூப்லியானாவில் மூன்றாம் நாளாகப் பனிமூட்டம்.
மஞ்சள் விளக்கு ஒன்றே எரிய,
காரநீர்த் தொட்டிக்குள்
இருபது நிமிடம் மின்சாரம் விடுகிறாள் யெர்னேயா.

பனிச்சறுக்குக் கையுறைக்கான சிவப்புச் சாயம்.
இன்னும் பெயரில்லை. கே-பதினான்கு.
நான்கு அளவுகளுக்கு நான்கு கண்ணாடித் தகடுகள்.
ஐந்தாவதில் எதுவும் சேராத ரத்தம்,
அவளுடையது,
செவ்வாயன்று கேட்டதும் சட்டைக்கை சுருட்டிக் கொடுத்தது.

சேதமில்லாத செல் உருண்டையாய் நிற்கும்.
இழை அறுந்ததோ
நேர்முனை பார்த்து ஒழுகி ஒழுகி
வால் வளர்த்துவிடும்.
தூமகேது.
தோன்றினால் அரசனுக்கு ஆகாதாம்.
இங்கே அரசன் யார்?

அடையாளம் மறைத்து கோராஸ்த் அடுக்கித் தந்த தகடுகள்.
எண்ணுகிறாள்.
வால், வால், வாலில்லை, வால்.
மூன்றாவது படுமோசம்.
"அதிக அளவு, சந்தேகமில்லை" என்று
பென்சிலால் ஓரத்தில் எழுதி
காப்பி குடித்து வந்து உறையைப் பிரித்தால்
மூன்றாவது:
சுழியம்.

விதி தெளிவாக இருக்கிறது.
ஒப்பீட்டில் வால் மிகுந்தால்
சோதனை செல்லாது.
அடுத்த வாரம் வரை
சாயம் நிரபராதி.

கோராஸ்த் தன் சட்டைக்கையைச் சுருட்டுகிறான்.
புது ஊசி பிரிக்கிறாள்.
கை நடுங்கவில்லை.
ரப்பர் உறையைக் கழற்றி
நகத்தடியில் என்ன நிறம் என்று மட்டும்
ஒருமுறை
விளக்குக்கு நேரே பார்த்துக்கொள்கிறாள்.