ஒட்டும் கட்டை

டர்பன் உயர் நீதிமன்றம். கடைசி பெஞ்ச்.
ஏர்கண்டிஷனர் ஷட்ஜத்துக்குக் கொஞ்சம் கீழே இரைகிறது.
வாதி கியூவன் படையாச்சி, கறுப்பு சூட்டில்,
யாருடைய ரிசப்ஷனிலோ பாட வந்தவன் மாதிரி.
பிரதிவாதி நொம்ஃபுண்டோ, தலையில் மஞ்சள் துணி,
காலி தண்ணீர் பாட்டிலை நசுக்குகிறாள், விடுகிறாள், நசுக்குகிறாள்.
அந்தச் சத்தத்திலும் தாளம் இருக்கிறது.
அதற்கு யாரும் வழக்குப் போடவில்லை.

பிரிட்டோரியாவிலிருந்து வந்த நிபுணர்
இரண்டு பாட்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வைக்கிறார்,
எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ்ரே போல.
"ஏறுகிற மூன்று ஸ்வரம். ஒரு தயக்கம்.
உச்சி ஸ்வரம் மறுபடி. இறங்குகிற இரண்டு.
ஏற்றமும் இறக்கமும் ஊருக்கே பொது, மை லேடி.
இந்தத் தயக்கம்தான் கையெழுத்து.
ஒரே ஒரு மனதில்தான் இது பிறந்திருக்க முடியும்."

மனதிலா?

சாட்ஸ்வொர்த்தில் ஒரு கராஜ். முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
என் கீபோர்டின் மேல் எவனோ
பச்சை கிரீம் சோடாவைக் கொட்டித் தொலைத்திருந்தான்.
மேலண்டைக் கறுப்புக்கட்டை ஒன்று
அமுக்கினால் போகும்,
எழுந்து வர அரைத்தாளம் ஆகும்.
வரும்வரை காத்திருந்துதான் மறுபடி அடிக்க வேண்டும்.
கியூவன் கண்ணை மூடிக் கேட்டான்.
"அண்ணா, அந்த ஏக்கம்! அதை மட்டும் விட்டுடாதீங்க."
நானூறு ராண்ட். ரசீது கிடையாது.
கூடவே ஒரு கால் பன்னி சௌ, பீன்ஸ் கறி.

மூன்று வருஷம் கழித்து, உம்லாஸி.
நொம்ஃபுண்டோ சொன்னாள்:
"இந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது, எதையாவது போடுங்கள்."
விரல் எதையாவது போட்டது.
அதே கீபோர்டு. அதே கட்டை.
முந்நூற்றைம்பது. தொழில் மந்தம் அப்போது.

அவன் பாட்டைக் கேட்டதேயில்லை என்கிறாள் அவள்.
மூன்று மாதம் ரேடியோவில் ஓடியதே என்கிறார் வக்கீல்.
ஈயடிச்சான் காப்பி என்று நாம் சொல்லிவிட்டுப் போவதை
அரைமணி நேரம் ஆங்கிலத்தில் சொல்கிறார்.
காப்புக்கும் காப்பிக்கும் நடுவே
ஒரு சுழிதான்.
அதில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் நான்.

ஏறுகிற அந்த மூன்றாவது என்னுடையதா என்றால்
அதுவும் சந்தேகம்.
வார்விக் டாக்ஸி ஸ்டாண்டில்
இசிபிங்கோ வண்டிக்கு ஆள் பிடிக்கிற பையன்
ஊர்ப்பெயரை அப்படித்தான் படியேற்றிக் கூவுவான்.
தினம் அவனைத் தாண்டித்தான் ஒத்திகைக்குப் போவேன்.
அவன் யாரிடம் எடுத்தான்?
அடுத்த சம்மனை அவனுக்கு அனுப்புங்கள்.

எழுந்து சொல்லிவிடலாம்.
சொன்னால் முதலில் கேட்பார்கள்:
எந்த ஆல்பத்தில் உங்கள் பெயர்?
எதிலும் இல்லை.
பிறகு கேட்பார்கள்: ஒரே சரக்கை இருவருக்கு விற்றீரா?
ஒரே சட்டையோடு இரண்டு கல்யாணத்துக்குப் போனேன், மை லேடி.
அது திருட்டா?
சட்டை யாருடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எழவில்லை.
மதிய இடைவேளைக்குக் கதவைத் திறந்த காவலர்
தனக்குள் முணுமுணுத்தார்:
அவனுடைய மெட்டு, அவளுடைய சொல்.
நன்றாகத்தான் பொருந்தியது.

நாளை ஒன்பதரைக்கு மறுபடி கூடுகிறது கோர்ட்.

வீட்டில் விளக்கைப் போட்டு, சட்டைகூட மாற்றாமல்,
பஞ்சு, ஸ்பிரிட், ஸ்க்ரூடிரைவர்.
இத்தனை வருஷமாகச் சோம்பல்பட்ட வேலை.
கட்டையைக் கழற்றினால் அடியில்
இன்னும் பச்சையாய்ப் பிசின்,
ஒரு எறும்பின் கால்.
துடைத்தேன். மாட்டினேன்.
தொட்டால் இப்போது துள்ளி எழுகிறது.

வாசித்துப் பார்த்தேன்.
ஏறும் மூன்று.

கட்டை தயார்.
விரல்தான்
காத்துக்கொண்டிருக்கிறது.