பதினொன்றாம் எண்

மூன்றாவது முறையும் சாம்பல்.
கடுக்காயும் படிகாரமும் அளந்துதான் போட்டேன்.
இளமஞ்சளாக வரவேண்டிய மல் துணி
எண்ணூர்ப் பக்கத்து வானமாக
பக்கெட்டிலிருந்து எழுந்து வந்தது.

"போர் தண்ணி. அத்தனையும் இரும்பு"
குழாய் வாயை நகத்தால் சுரண்டிச் சொன்னார்
பிளம்பர் தேவசகாயம்.

அன்று மாலையே தெருவில் இறங்கினேன்,
வீட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு.
"எங்களுது மெட்ரோ வாட்டர்க்கா"
தலையைக் கொஞ்சம் தூக்கித் தந்தாள் ஹசீனா.
மாடி வீட்டில் லாரி.
மெஸ்காரர் கேன் தண்ணீரை
மனசில்லாமல் அரை டம்ளர் சாய்த்தார்.
கடைசி வீடு திறக்கவில்லை;
வாசல் குழாயில் சொட்டியதைப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறு கிண்ணம்.
ஒரே கடுக்காய், ஒரே துணி, ஒரே இரவு.

காலையில் மொட்டைமாடிக் கொடியில்
கொருக்குப்பேட்டையின் எங்கள் சந்து
வீடு வீடாகக் காய்ந்தது.
வெளுத்த மஞ்சள், சேறு, ஈயம்,
மெஸ்காரருடையது மட்டும் நான் தேடிய மஞ்சள்.
ஹசீனா வீடு
எங்கள் வீட்டைவிடக் கறுப்பு.

கதவிலக்க வரிசையில் ஒட்டுப்போட்டுத் தைக்கிறேன்.
"முடிஞ்சதும் காட்டுங்க" என்று
தினமும் கேட்டுவிட்டுப் போகிறாள்.

பத்து வரை வந்தாயிற்று.
ஊசிக்காதில் நூல்
நுழையமாட்டேன் என்கிறது.